கண்ணாடி அலமாரிக்குள் மோடம்

என் வீட்டுக்காரர் கல்யாண போட்டோகிராபர். அவர் எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நல்லதையும் சொதப்பலையும் பிரித்து அனுப்புவேன். கல்யாணமாகிப் பதினாலு வருஷம். இந்த மனுஷனுக்குச் சொன்ன பேச்சைக் கேட்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு, முந்தின நாள்தான் நாங்கள் படம் எடுத்த கல்யாணப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. தேதியைத் தள்ளிப் போடவே கூடாதென்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து சத்தம் போட்டவர் அவர்தான். கடைசியில் கல்யாணத்தைப் பார்க்க அவரால்தான் வர முடியவில்லை.

“அக்கா, மூணு மணிக்கு அப்பாவுக்கு ஆபரேஷன். உள்ள போறதுக்கு முன்னாடி படத்தைப் பாத்துடணும்ங்கறாரு. என்னைப் பயப்படாதேன்னு சொல்லிட்டு, அவரு நிமிஷத்துக்கொரு தடவை மணி கேக்கறாருக்கா.”

“பாத்துட்டுத்தான் போவாரும்மா, நீ தைரியமா இரு” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மொத்தம் ஆயிரத்து எழுநூறு படம். அத்தனையும் ஒரிஜினல் சைஸில் க்ளவுடில் ஏற்றினால்தான் ஆச்சு என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். ஏற ஆரம்பித்து இருபது நிமிஷத்தில் மோடத்தில் சிவப்பு விளக்கு. நெட் போச்சு. சுவிட்சை அணைத்துப் போட்டோம், வந்தது. மறுபடி இருபது நிமிஷம், மறுபடி சிவப்பு. ப்ளக்கை வேறு சுவிட்சுக்கு மாற்றினோம். மணி ஒன்றரை ஆகியும் பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை.

இவர் கம்பெனிக்குப் போன் போட்டுக் குதித்தார். “லைன் சரியில்ல, நாங்கல்லாம் மனுஷங்களா இல்லையா?”

ஸ்பீக்கரில் ஒரு பெண், பாவம், நிதானமாகக் கேட்டாள். “சாதாரணமா பாக்கறப்போ நல்லா வருது, நிறைய ஏத்தினா மட்டும் கட் ஆகுதா சார்? மோடம் சூடாகுதான்னு பாருங்க. எங்க வச்சிருக்கீங்க?”

இவர் பார்வை மெல்ல அலமாரிப் பக்கம் போனது. நானும் திரும்பிப் பார்த்தேன். அடக் கடவுளே!

லென்ஸில் தூசியும் பூஞ்சையும் படாமல் இருக்க, காற்றுப் புகாத கண்ணாடி அலமாரி ஒன்று எங்களிடம் உண்டு. போன வாரம் பெருக்கும்போது மோடத்தில் தூசி பார்த்தவர், கதவு இடுக்கில் ஒயரை நுழைத்து, அதையும் லென்ஸோடு உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். பக்கத்தில் ஈரம் உறிஞ்ச ரெண்டு பொட்டலம் வேறு.

“இது என்ன லென்ஸா? பூஞ்சை பிடிச்சுடுமா இதுக்கு?”

“பத்திரமா இருக்கட்டுமேன்னுதான்...” என்றார், திருட்டு முழி முழித்தபடி.

திறந்து தொட்டேன். அப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி சுட்டது. வெளியே எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். கால் மணியில் சூடு தணிந்து பச்சை விளக்கு நிலையாக நின்றது. ஆனால் மணி ரெண்டே கால். ஆயிரத்து எழுநூறு எங்கே ஏறும்?

“இருபது படம் எடுங்க. சைஸைக் குறைச்சு அவ போனுக்கு அனுப்பலாம்.”

“குறைச்சா கலர் செத்துடும்.”

“நல்லா வருது வாயில! ஒரு மனுஷன் உள்ள போகப் போறாரு, இவருக்குக் கலராம்!”

இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பத்தொன்பது படம் தேர்ந்தெடுத்தார். இருபதாவதை, சொதப்பல் என்று இவர் ஒதுக்கச் சொன்ன படங்களிலிருந்து நான் எடுத்தேன். அப்பாவுக்கென்று முன்வரிசையில் காலியாக விட்டிருந்த நாற்காலி. மேடைக்குப் போகிற வழியில் நின்று, அதன் முதுகில் கை வைத்திருக்கிறாள் பெண்.

“அவ முகமே தெரியலையே” என்றார்.

“அவருக்குத் தெரியும். அனுப்புங்க.”

ரெண்டரைக்கெல்லாம் இருபதும் போய்விட்டன. ரெண்டே முக்காலுக்குப் பெண்ணின் போனிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அப்பாவின் குரல், மூச்சு வாங்க வாங்க.

“அந்த நாற்காலிய வேற யாருக்காவது குடுன்னு சொன்னேன், கேக்கல பாருங்க இந்தக் கழுதை...” ஒரு இருமல். “தம்பி, மிச்சத்தையும் ஏத்தி வைங்க. வெளிய வந்து பாக்கறேன்.”

நாங்கள் அதை மூன்று தடவை கேட்டோம். பிறகு இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆயிரத்து எழுநூறையும் முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்தார். மணி மூன்று அடித்தது. ஃபேன் மோடத்துக்குப் போய்விட்டதால் இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. இவர் ஒரு ஆல்பம் அட்டையை எடுத்தார். எனக்கு வீசப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். ஃபேன் போதாதென்று மோடத்துக்கு விசிறினார்.

நான் திட்டவில்லை. இன்னொரு அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.