அறுபத்துமூன்றாம் கோட்டில் ஒரு நிறுத்தம்

பிப்ரவரி 10, செவ்வாய். நேற்று ஒரு சிறு தவறு செய்தேன். பட்டறைக்கு வந்த பழைய தங்கச் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றின் வேலைச்சீட்டில், "பின்மூடியில் ஒரு கீறல், பாலிஷ் செய்து நீக்கவும்" என்று எழுதினேன். அது கீறல் இல்லை. இந்தக் கதை அங்கே பிறந்தது.

1

(கதையில் என் பெயர் லுதிவின். 'நான்' என்று எழுதினால் பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்கிறேன். 'அவள்' என்றால் வேலை நகர்கிறது.)

முதல் தொடக்கம்: சுவிஸ் கடிகார நகரமான லா ஷோ-த-ஃபோனில் பனி பொழிந்துகொண்டிருந்த ஒரு...

வேண்டாம். இங்கே பிப்ரவரியில் பனி பொழியாவிட்டால்தான் எழுத வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: மூடியின் அகலம் நாலரை சென்டிமீட்டர். விளிம்பிலிருந்து நடுவரை நூற்றுப்பன்னிரண்டு அலைக்கோடுகள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், கையால் சுற்றும் இயந்திரத்தில், ஒரே சுற்றில் வெட்டியிருக்கிறார். மூடியைச் சாய்த்தால் வெளிச்சம் தண்ணீர் மாதிரி ஓடியது. லுதிவின் இருபது தடவை சாய்த்துப் பார்த்தாள். (இருபத்துமூன்று. குறித்து வைத்திருக்கிறேன்.) அறுபத்துமூன்றாம் கோட்டில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு பள்ளம்.

2

அந்தக் கோடு வெட்டும் வேலையைத்தான் அவள் மாலை வகுப்பில் கற்கிறாள். இடது கை சக்கரத்தைச் சுற்ற வேண்டும். வலது கட்டைவிரல் உளியை அழுத்த வேண்டும். சுற்று முடியும்வரை நிறுத்தவே கூடாது.* இன்று பித்தளைத் தகட்டில் ஒன்பதாவது கோட்டின் பாதியில் இருந்தாள்.

"லூ! தய்யோல் ரொட்டி, கடைசித் துண்டு! வேணுமா, நானே முழுங்கவா?" என்றான் பசீல். பகலில் ரொட்டிக் கடை, மாலையில் எங்கள் வகுப்பு.

அவள் கை நின்றது.

"கெடுத்துட்டியே, தடியா!"

"விளக்குல சிவப்பு நூல் எங்க? கட்டாம உக்காந்தது நீ. திட்டு மட்டும் எனக்கா?"

தகட்டைத் தூக்கி எறியப்போனவள், பழக்கத்தால் லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஊசிமுனைப் பள்ளம். அதே வால், அதே சாய்வு. நேற்றுத் தங்கத்தில் பார்த்தது!

"பசீல், இது கீறல் இல்ல! அந்த மனுஷன் நின்னிருக்காரு! அவரையும் யாரோ கூப்பிட்டிருக்காங்க!"

"எந்த மனுஷன்?"

"செத்து நூறு வருஷம் ஆயிருக்கும்!"

"அப்ப ரொட்டி அவருக்கு வேணாம்" என்று அவன் தின்றுவிட்டான்.

*ஒருவர் வெட்டும்போது விளக்கில் சிவப்பு நூல் தொங்கும். அதைக் கண்டால் யாரும் பேசக் கூடாது. நான் கட்ட மறந்தேன். (நேற்றையதோடு சேர்த்து இரண்டாவது தவறு.)

3

நாளை காலை ஏழு மணிக்குப் பாலிஷ் சக்கரம் சுழலத் தொடங்கும். பள்ளம் மட்டும் போகாது; அதைச் சுற்றிய அலைகளும் மழுங்கிப் போகும், திரும்ப வராது. அவள் பாலிஷ்காரி ரொசலினை போனில் பிடித்தாள்.

"சீட்டுல நான் எழுதினது தப்பு. நிறுத்திடு."

"எழுதினது நீ, கையெழுத்துப் போட்டது முசே மத்தீல். அவரு வாயால சொல்லட்டும், நிறுத்துறேன்."

முசே மத்தீல் ('முசே' என்றால் ஐயா) கடிகாரத்தின் சொந்தக்காரர், மாடு வளர்ப்பவர். அவருக்கும் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். பின்னால் பால் கறக்கும் இயந்திரம் இரைந்தது.

"சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம். எவனோ கவனமில்லாம செஞ்சதை நான் ஏம்மா வயித்துமேல தொங்கவிட்டுக்கிட்டு நிக்கணும்?"

"கவனமில்லாமயா? நூத்திப் பதினோரு கோடு பிசகாம வெட்டியிருக்காரு!" (வாடிக்கையாளரிடம் அவள் குரலை உயர்த்தியது இதுவே முதல் தடவை.)

இயந்திரம் நின்றது.

"அப்ப ஒண்ணுல மட்டும் எதுக்கு நின்னானாம்?"

"தெரியாது, முசே."

"பசு கன்னு போட்டிருக்கும். வேற எதுக்கு மனுஷன் பாதி வேலையில எழுந்திருப்பான்?" சிரித்தார். "ஆறே முக்காலுக்குப் பால் இறக்க அந்தப் பக்கம் வர்றேன். காட்டு. என் கண்ணுக்கும் அது தெரிஞ்சா இருந்துட்டுப் போகட்டும். தெரியலன்னா ரொசலின் பாத்துக்கட்டும்."

4

கோடு வெட்டிய அந்தப் பழைய மனுஷரைக் கூப்பிட்டது யார்? எழுதிப் பார்த்தேன்.

அ) அன்றுதான் அவருக்கு முதல் குழந்தை பி... மிட்டாய்த்தனம். அடித்துவிட்டேன்.

ஆ) கூரைப் பனி சரிந்து ஜன்னல் அதிர்ந்தது. நடக்கக்கூடியது. ஆனால் பனி யாருடைய பெயரையும் சொல்லிக் கூப்பிடாது.

இ) பசு.

ஈ) ரொட்டியின் கடைசித் துண்டு.

என் வாக்கு ஈ-க்கு. ஆனால் ஏன் அவர் மூடியை உருக்கிவிடவில்லை? அறுபத்துநான்காம் கோட்டை ஏன் வெட்டினார்? அது முந்தையவற்றைவிட நேர்த்தியாக இருக்கிறது. இதை எழுதும்போதுகூட என்னால் உட்கார முடியவில்லை.

5

முடிவு இரண்டு இருக்கிறது. ஒன்றில் முசே மத்தீலுக்குத் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை. இரண்டையும் தொடங்கி இரண்டையும் விட்டுவிட்டேன். சாய்க்கப்போவது அவர் கை. பார்க்கப்போவது அவர் கண். பார்த்து முடிக்கும்வரை யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. நானும். நீங்களும்.

நாளை, புதன்: 6.30க்குப் பட்டறை. லென்ஸைத் துடைக்க வேண்டும். என் பித்தளைத் தகட்டைத் தங்க மூடியின் பக்கத்தில் வைக்க வேண்டும். விளக்கில் சிவப்பு நூலைக் கட்ட வேண்டும்.