முப்பத்தோரு கிலோமீட்டர்

என் வீட்டுக்காரரை அச்சகத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைலேஜ் என்றால்தான் திரும்புவார். வண்டியில் ஏசி போட மாட்டார். சிக்னலில் இருபது நொடிக்கு மேல் காட்டினால் இன்ஜினை அணைத்துவிடுவார். டிக்கியில் கிடந்த குடையைக்கூட, சும்மா எதுக்குச் சுமக்கணும் என்று எடுத்து வீட்டுக்குள் வைத்தவர். அடுத்த வாரமே இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். குடை எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டேன்.

இப்படிப்பட்ட மனுஷன் ஒரு சின்ன கார் தேர்ந்தெடுக்க ஆறு வாரம் எடுத்துக்கொண்டால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். நானும் முதல் இரண்டு வாரம் ஒன்றும் நினைக்கவில்லை. மூன்றாவது வாரம்தான் உறைத்தது. புது வண்டி முடிவாகிற அன்றோடு அவர் ஸ்டியரிங்கைத் தொடுவது நின்றுவிடும். அதனால்தான் முடிவாகவே மாட்டேன் என்கிறது.

கண் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தே சொல்லிவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம், பார்வை நடுவில் நன்றாக இருக்கிறது, ஓரங்கள் போய்க்கொண்டிருக்கின்றன, போனது திரும்பாது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது. இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உடனேவா, இல்ல கொஞ்ச நாள் கழிச்சா?" டாக்டர் என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும் இவர், "ஓரம் லேசா மங்கல், அவ்வளவுதான். புது வண்டி வந்து உனக்குக் கை பழகற வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வருடம்தான் நான் லைசென்ஸ் வாங்கியிருந்தேன். எங்கள் பழைய பச்சை வண்டியின் கிளட்ச் என் காலுக்கு மசியவில்லை. மேட்டில் இரண்டு தடவை பின்னால் உருண்டது. எனக்கும் பயம்தான். சரி, ஓட்டட்டும் என்று விட்டேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

வண்டிகளை ஒப்பிட அவரிடம் ஒரு முறை இருக்கிறது. கம்பெனி சொல்கிற மைலேஜை நம்ப மாட்டார். டேங்க்கை நிரப்ப வேண்டும், பம்ப் முதல் தடவை டக்கென்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும், தினமும் போகிற வழியிலேயே ஒரு வாரம் ஓட்ட வேண்டும், பிறகு அதே பங்கில் அதே பம்பில் மறுபடி டக். இதற்காக என் தம்பியின் வெள்ளை வண்டியை ஒரு வாரம் இரவல் வாங்கினார். அச்சகத்து பைண்டரின் சிவப்பு வண்டியை ஒரு வாரம். இரவல் கொடுத்தவர்கள் இரண்டு பேரும் அந்த வாரம் பஸ்ஸில் போனார்கள்.

வெள்ளைக்கு லிட்டருக்கு இருபத்தொன்று வந்தது. "முன்கண்ணாடி ஓரத்துத் தூண் தடிமனா இருக்கு, உனக்கு ஓரத்துல வர்ற ஆள் தெரியாது" என்று தள்ளிவிட்டார். சிவப்புக்கு இருபத்துமூன்று. அதற்குப் பின்சீட் நெருக்கமாம்.

"பின்சீட்ல யாருங்க உட்காரப் போறாங்க?" என்றேன்.

எங்கள் மகள் வேலை கிடைத்து வேற்றூர் போய் மூன்று வருடமாகிறது. இவர் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் போய் மனசு கனத்துவிட்டது.

பச்சை வண்டி வாங்கியபோது அவள் ஒன்றாம் வகுப்பு. நான் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்ததும் அந்த வருடம்தான். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஏழு மணிக்கு ஊசி குத்தியாக வேண்டும். அதனால் நாலு மணிக்கு எழுந்து சமைத்து, மூன்று டப்பா கட்டி, பாதித் தூக்கத்தில் இருக்கிற பெண்ணைக் குளிப்பாட்டி, ஷூவின் கயிறு கட்டாமலே தூக்கிப் பின்சீட்டில் போட்டால் மணி ஐந்தே முக்கால் ஆகியிருக்கும். வண்டிக்குள் ஈரத் தலையின் சோப்பு வாசனையும் டப்பா சூடும் கலந்து ஒரு வாசனை இருக்கும். இன்றைக்கும் எங்கேயாவது அது வந்தால் என் கை தன்னால் சீட் பெல்ட்டைத் தேடுகிறது. முதலில் என்னை ஆஸ்பத்திரியில் இறக்குவார், பிறகு அவளைப் பள்ளியில், கடைசியில் தன் அச்சகம். மத்தியானம் வேலை முடிந்து நான் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். ஏறி உட்கார்ந்ததும் நான் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்வேன். தூங்க மாட்டேன், சும்மா மூடிக்கொள்வேன். அப்படித்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. இவர் வாயே திறக்க மாட்டார். என்னோடு வேலை பார்ப்பவர்கள், காரில் வரும்போதுதான் புருஷனோடு நாலு வார்த்தை பேச முடிகிறது, சண்டை போடவும் அதுதான் வசதி என்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற மாதிரி பேச்சையும் மிச்சம் பிடிக்கிறார் என்று பத்தொன்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மிஞ்சியது சாம்பல் நிற வண்டி. பேட்டரியும் சேர்ந்து இழுப்பதால் லிட்டருக்கு இருபத்தேழு என்று கம்பெனி சொன்னது. இரவல் தர ஆள் கிடைக்காததால், ஒரு சனிக்கிழமை காலையில் ஷோரூமுக்கே போனோம். கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தாள். எங்கள் வழியில் முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இவர் கேட்க, மாசக் கடைசி என்பதால் அவளும் தலையாட்டினாள். ஆனால் வண்டி யார் பேரில் வருகிறதோ அவர்தான் ஓட்ட வேண்டும், அது ஷோரூம் விதி என்றாள்.

"என் பேர்ல" என்று முந்திக்கொண்டேன். இவர் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தார். பெல்ட்டைக் கையை வைத்துத் தடவித் தேடினார். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை.

ஷோரூமிலிருந்து முதலில் வீட்டுக்கு ஓட்டி வந்து, தினமும் போகிற மாதிரி எங்கள் வாசலிலிருந்து கிளம்பினோம். கிளட்ச் கிடையாது, மேட்டில் உருளவும் இல்லை. பின்சீட்டிலிருந்து அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு வழி போட்டுப் பார்த்து, "இருபத்துநாலு கிலோமீட்டர் சார்" என்றாள்.

"முப்பத்தொண்ணு" என்றார் இவர்.

"இல்ல சார், மேப்ல இருபத்துநாலுதான் காட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சொட்டு சிந்தினால் துடித்துப்போகிற ஆள், தினமும் ஏழு கிலோமீட்டர் சுற்றிப் போயிருக்கிறாரா? தண்ணீர்த் தொட்டி முக்கில் மேப் நேராகப் போகச் சொன்னது. "இடது பக்கம் திரும்பு" என்றார்.

"எதுக்குங்க? மைலேஜுக்கே மைலேஜ் தெரியலைன்னு அச்சகத்துல போய்ச் சொல்லட்டுமா?"

"நேரா போனா பதினோரு வேகத்தடை. ஒவ்வொண்ணுக்கும் நீ முழிச்சுக்குவ."

வண்டியை ஓரம் கட்டினேன். எனக்குப் புரியத் தாமதமாயிற்று. "நான் எங்க தூங்கினேன்? கண்ணை மூடிக்குவேன், அவ்வளவுதான்."

"வாசல் தாண்டினதும் தூங்கிடுவ. ஆஸ்பத்திரி கேட்டுல நான் தோளைத் தட்டித்தான் எழுப்புவேன். வாய்க்கால் ரோட்டுல போனா ஒரு குலுக்கல் கிடையாது. கால் மணி நேரம் கூடக் கிடைக்கும். பாப்பாகூட வாய்மேல விரலை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா."

"பத்தொன்பது வருஷமாவா? அதுல எவ்வளவு பெட்ரோல் போயிருக்கும்?"

"அதை நான் போட்டுப் பாத்ததில்ல" என்றார்.

பின்சீட்டுப் பெண் டேப்லெட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். நான் இடது பக்கம் திரும்பினேன்.

வாய்க்கால் ரோட்டை நான் பார்த்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? ஆயிரக்கணக்கான தடவை போயிருக்கிறேன், ஒரு மரம்கூட அடையாளம் தெரியவில்லை. இவர் பேச ஆரம்பித்தார். இந்த மரங்கள் வருடத்தில் இரண்டு வாரம் பூக்குமாம், பூ வந்து முன்கண்ணாடியில் ஒட்டுமாம், சத்தம் கேட்டு நான் விழித்துவிடுவேன் என்று வைப்பர் போட மாட்டாராம். அதோ அந்த வளைவு வரைக்கும் ஒரு கறுப்பு நாய் துரத்திக்கொண்டு வருமாம், பாப்பா அதற்குத் தினமும் கையை ஆட்டுவாளாம். ஒரு மாடியில் ஒருத்தர் தவறாமல் தண்டால் எடுப்பாராம், வருடங்கள் போய், ஒரு நாள் அங்கே அவர் ஜாடையில் ஒரு வாலிபன் தண்டால் எடுத்தானாம். இதையெல்லாம் சொல்ல ஆளில்லாமல் இந்த மனுஷன் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அவர் குரலில் அப்படி ஒரு குஷியை நான் கேட்டு எத்தனை காலமாயிற்று. நான் தூங்கியே தவறவிட்ட அந்த நாட்களுக்காக எனக்கு ஏக்கமாக இருந்தது.

"வலது பக்கம் பாரு, இப்ப வரும். ஐஸ் கம்பெனி. பெரிய நீலக் கதவு. நாம போற நேரத்துக்குத்தான் கட்டி கட்டியா லாரியில ஏத்துவாங்க, வாசலெல்லாம் ஆவி பறக்கும். பாத்தியா?"

பார்த்தேன். ஐந்து மாடிக் கட்டடம். பால்கனியெல்லாம் துணி காய்ந்தது. ஒரு பால்கனியில் குழந்தை சைக்கிள், துருப்பிடித்து. இவர் நேராக ரோட்டைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"அதை இடிச்சு ரொம்ப நாளாச்சே சார்" என்றாள் பின்னாலிருந்த பெண். "ஃப்ளாட் வந்தே ரெண்டு வருஷம் ஆகுது. எங்க சித்தி அதுல மூணாவது மாடி."

நேற்றுக் காலையிலும் இந்த வழியாகத்தான் இவர் என்னை அழைத்துக்கொண்டு போனார். நேற்றைக்கு முந்தின நாளும். இந்த ரோட்டில் சைக்கிள்கள் போகின்றன, பள்ளிப் பிள்ளைகள் குறுக்கே ஓடுகிறார்கள். ஐந்து மாடி எழும்பியது தெரியாத ஆள் ஓட்டிய வண்டியில், நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன்.

இரண்டாவது தடவையாக வண்டியை நிறுத்தினேன். "ரெண்டு வருஷமா உங்களுக்கு ஓரம் தெரியலை. லேசா மங்கலா இது? யாராவது ஒரு பிள்ளை குறுக்கே வந்திருந்தா?" கத்தவில்லை. கத்த வேண்டும் என்றுதான் இருந்தது.

அவர் மெதுவாகத் தலையை முழுதாக வலது பக்கம் திருப்பினார். அந்தக் கட்டடத்தை அடியிலிருந்து உச்சி வரைக்கும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கு அந்தக் கதவு தெரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார். "நேத்துக்கூட."

பொய் சொல்லும் குரல் எனக்குத் தெரியும். இது அது இல்லை. பயந்துபோயிருந்தார். அவர் கை என் பக்கம் வந்து, கியரின் மேல் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டது.

"இதையே எடுத்துடலாம்" என்றார்.

"மைலேஜ் இன்னும் பாக்கலையே."

"வேண்டாம். வண்டி கைக்கு வந்ததும் நீ ஓட்டு. அது வரைக்கும் பஸ்ல போகலாம்."

பின்சீட்டுப் பெண் பேனாவை எடுத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, பைக்குள்ளேயே வைத்துவிட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். வாய்க்கால் வளைந்தது, ரோடு நீண்டுகொண்டே போனது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. இவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தவறு செய்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பழைய மௌனம் வண்டிக்குள் வந்து உட்காரப் பார்த்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"பேசுங்க" என்றேன். "நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன்."