பதினான்காம் அறையின் ஜன்னல்

சாவிக்கொத்தால் கதவைத் தட்டுவது அந்த விடுதியில் மேனேஜர் ஒருவர்தான். படக்காரி தரையில் உட்கார்ந்து ஈர மேகம் மாதிரி சுருங்கிப் போயிருந்த வெள்ளைத் துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். மணி மூன்று. வெளியே மழை பெய்கிறது என்பதே கணவனின் நனைந்த தலையைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். அந்த மாடியில் மழைச் சத்தம் கேட்காது.

"மேடம், அந்த லைட்டையும் துணியையும் பதினாலாம் நம்பர்ல திரும்ப மாட்டிக் குடுங்களேன். பார்ட்டி கீழ நிக்கிது. உங்க படத்தப் பாத்துட்டுதான் வந்திருக்காங்க. படத்துல இருக்கிற மாதிரி இல்லைன்னா கண்டபடி எழுதிட்டுப் போயிடுவாங்க" என்றார் மேனேஜர். கெஞ்சலும் அவசரமும் பாதிப் பாதியாக இருந்தன.

மலிவான அறைகளில் தங்கிக்கொண்டு நல்ல படம் எடுப்பது எப்படி என்று சொல்லித் தருவதுதான் அவளுடைய இணையப் பக்கம். அறுபதாயிரம் பேர் பார்க்கிறார்கள். சாமான் மொத்தமும் இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஒரு சபதம் வைத்திருந்ததால் 'ரெண்டு கிலோ அக்கா' என்று பெயர். ஒரு மெல்லிய வெள்ளைத் துணி, வெளிச்சத்தைத் திருப்பியடிக்க நான்காக மடிக்கிற வெள்ளை அட்டை, ஒரு வைக்கோல் தொப்பி, காகிதச் செடி, கவ்விக்கொள்ளும் சின்ன விளக்கு இரண்டு. இரண்டில் ஒன்று போன வாரம் பேருந்தின் மேல்தட்டிலிருந்து விழுந்து உயிரை விட்டது. எல்லாப் படத்திலும் ஒரு ஆள் முதுகைக் காட்டி நின்று எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். அது கணவன். அவனுக்கு 'முதுகு' என்று பெயர் வைத்ததும் அந்த அறுபதாயிரம் பேர்தான். முகத்துக்கு வேலை இல்லாத நடிகன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று அவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

பெரிய கூடம் ஒன்றைப் பலகை வைத்துத் தடுத்து ஆறு அறையாக்கிய மாடி அது. ஒரு அறைக்கும் ஜன்னல் கிடையாது. வந்த அன்றே, காலியாகக் கிடந்த பக்கத்துப் பதினாலாம் அறையின் பின்சுவரில் துணியைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் விளக்கைக் கவ்வ வைத்து, துணியின் முதுகில் கறுப்பு நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள். எரியவிட்டதும் கம்பி நிழலோடு காலை வெயில் வந்து கட்டிலில் விழுந்தது. கணவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு அந்த ஜன்னலைப் பார்த்து நின்றான். இதுவரை எடுத்ததிலேயே இதுதான் அசத்தல் என்று அவளுக்கே தோன்றியது. தன் பக்கத்தில் எப்படிச் செய்தேன் என்று ஒளிக்காமல் எழுதினாள். மேனேஜர் படத்தை மட்டும் எடுத்துத் தன் விடுதியின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். போடட்டுமா என்று கேட்டுத்தான் போட்டார். அவளும் பெருமையோடுதான் தலையாட்டினாள்.

இப்போதும் அந்தப் பெருமை போகவில்லை. பதினாலாம் அறைக்குப் போய் ஐந்தே நிமிடத்தில் ஜன்னலை வைத்துவிட்டாள். மழை பெய்யும்போது வெயில் அடித்தால் காட்டிக் கொடுத்துவிடுமே என்று விளக்கை நீல வெள்ளைக்குத் திருப்பி, இரண்டு படி குறைத்து, அசல் மழைநாள் வெளிச்சமாக ஆக்கினாள். விளக்கின் பக்கவாட்டில் மின்கலத்தில் மீதமிருக்கும் அளவைக் காட்டும் நான்கு புள்ளிகளில் இரண்டுதான் எரிந்தன. சார்ஜில் போட்டால் எரியாத மலிவு ரகம் அது. எப்படியும் பார்ட்டி அறையைப் பார்த்துத் தலையாட்டும்வரை தாங்கினால் போதும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஏதாவது சாக்குச் சொல்லி எடுத்துவிடலாம். "துணிய மட்டும் விலக்க வேணாம்னு சொல்லிடுங்க, கொசு வரும்னு" என்று மேனேஜரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தாள்.

கால் மணி நேரத்தில் கதவு மறுபடியும் தட்டப்பட்டது. இந்த முறை விரல். வெளியே நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் நின்றாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

"நீங்கதான் அந்தப் படம் எடுத்தவங்கன்னு மேனேஜர் சொன்னாரு. ஒரு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

படக்காரிக்கு வாயெல்லாம் பல். உள்ளே வாங்க என்றாள். அவள் வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"உள்ள இருக்கிறது என் தம்பி. ஏழு மாசம் முன்னால கட்டிட்டிருந்த கட்டடம் சரிஞ்சுதுல்ல, அதுக்குள்ள பத்தொம்பது மணி நேரம் கெடந்தான். அந்த மாடியில மிச்சம் இவன் ஒருத்தன்தான். நாளைக்குக் காலையில விசாரணை. இவன் வாயத் திறந்து சொன்னாத்தான் உண்டு. வரமாட்டேன்னு ஒரே அடம். இருட்டுன்னா பயமில்ல, வெளிய போறதுக்கு ஒரு வழி கண்ணுக்குத் தெரியணும் அவனுக்கு. போன தடவ ஜன்னல் இல்லாத ரூம்ல உக்கார வச்சுட்டாங்க. சுவத்த அடிச்சு அடிச்சு வலது கையில மூணு விரல ஒடச்சுக்கிட்டான். அதான் ஊர்ல இருக்கிற ரூமெல்லாம் தேடி, இந்தப் படத்தப் பெருசாக்கிக் காட்டி, இதோ பாருடா ஜன்னல், கம்பிகூடத் தெரியுதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்." அவள் மூச்சு வாங்கினாள். "வந்ததுலேருந்து அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். நான் கொஞ்சம் கண்ண மூடப்போறேன்ம்மா. நான் தூங்கி எவ்வளவோ நாளாச்சு."

போய்விட்டாள். படக்காரி அவள் பின்னாலேயே இரண்டடி வைத்து நின்றாள். ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. என்னவென்று சொல்வது? அது ஜன்னல் இல்லை, சுவர், நீங்கள் இருப்பது நாலு பக்கமும் அடைத்த பெட்டி என்று அந்த ஆள் எதிரிலேயே சொல்வதா?

கணவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். எப்போதும் இந்த இடத்தில் ஒரு கேலி வரும். வரவில்லை. "லைட்டு எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றான்.

"ரெண்டரை மணி நேரம். அஞ்சே முக்காலுக்கு மேல நிக்காது."

"பொழுது சாயுறதுக்கு ஆறரை ஆயிடுமே."

"அதுவா பயம்? அது மங்கி மங்கி அணையுற லைட்டு இல்லைங்க. மூணு தடவ கண்ணச் சிமிட்டிட்டு பட்டுன்னு போயிடும். ஜன்னல் எங்கயாவது சிமிட்டுமா?"

அவன் குடையை எடுத்துக்கொண்டான். "ஜன்னல் இருக்கிற ரூம் ஒண்ணு இந்த ஊர்ல இல்லாமலா போயிடும்? பாத்துட்டு வரேன்" என்று இறங்கிப் போனான். படக்காரி மேனேஜரிடம் போனாள். அவர் கேட்டதும் வெளுத்துப் போனார். "ஐயோ, என்கிட்ட ஜன்னல் கண்டிப்பா இருக்குல்லன்னு போன்லயே கேட்டாங்க. படத்துல இருக்கிறதுதாங்கன்னு சொன்னேன். எனக்கென்ன தெரியும் மேடம்?" என்று ரெஜிஸ்டரைத் திறந்து மூடினார். எதிர்க்கட்டடத்தில் பரீட்சை எழுத வந்த கூட்டம் மற்ற நான்கு அறைகளிலும் நிரம்பியிருந்தது. வெளி ஜன்னல் வைத்த அறை இந்தக் கட்டடத்திலேயே கிடையாது என்று அவரே சொல்லி முடித்தார்.

திரும்பி வந்து பலகைத் தடுப்பில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் தண்ணீர் ஊற்றும் சத்தம். கட்டில் ஒருமுறை முனகியது. பிறகு நாற்காலியை இழுக்கும் சத்தம், சுவரை நோக்கி. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளைக் கொன்றது. எழுந்து துணியை விலக்கியிருப்பானோ? விலக்கினால் ஓதம் பூத்த மஞ்சள் சுவரும், ஆணியில் கவ்விக்கொண்டிருக்கும் உள்ளங்கையளவு பிளாஸ்டிக்கும்தான் இருக்கும். மூன்று விரல் ஒடிகிற வேகத்தில் சுவரை அடிக்க வேண்டுமென்றால் எத்தனை முறை அடித்திருக்க வேண்டும்? தன் வலதுகை விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டாள். எத்தனை பேர் அந்தப் படத்துக்கு இதயம் போட்டார்கள் என்று காலையில்தான் எண்ணியிருந்தாள்.

ஐந்தேகாலுக்குக் கணவனிடமிருந்து செய்தி வந்தது. பதினொரு இடம் பார்த்துவிட்டான், ஒன்றும் காலியில்லை, இன்னும் இரண்டு தெரு பாக்கியிருக்கிறதாம். ஐந்து இருபத்தைந்துக்கு அவள் எழுந்தாள். உள்ளே போய் என்ன செய்வது என்று தெரியாது. அந்த மூன்று சிமிட்டல் நடக்கும்போது பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. நகத்தால் பதினாலாம் அறைக் கதவைச் சுரண்டினாள்.

தம்பிக்காரன்தான் திறந்தான். முப்பதுக்குள்தான் இருக்கும். நெற்றியோரம் நரைத்திருந்தது. வலது கையின் மூன்று விரல்கள் பிடிகொடுக்காமல் நீட்டிக்கொண்டிருந்தன. உதட்டில் விரல் வைத்துக் கட்டிலைக் காட்டினான். அக்காக்காரி ஈரப் புடவையோடேயே சுவரைப் பார்த்து ஒருக்களித்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் வெளியே வந்து கதவை ஒருக்களித்து வைத்தான்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டான்.

அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வயர்மேன்ங்க. நூத்துக்கணக்குல லைட்டு மாட்டியிருக்கேன். உள்ள வந்து உக்காந்ததுமே தெரிஞ்சுபோச்சு. வெளிய அந்தப் போடு போடுது மழ. சத்தமே கேக்காத ஜன்னல் எங்க இருக்கு?" கோபமே இல்லாமல்தான் சொன்னான். நெற்றியில் மட்டும் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"என்ன மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சும் ஏன் சொல்லாம உக்காந்திருந்தீங்க?"

"அக்கா படுத்த உடனே தூங்கிட்டா. ஏழு மாசமா அவ தூங்கினத நான் பாக்கல. நான் கத்தினா எந்திரிக்கணுமேன்னு உக்காந்துக்கிட்டே இருப்பா." அவன் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "அது பொய்னு எனக்குத் தெரியுது. உடம்புக்கு இன்னும் தெரியல. அணைஞ்சுதுன்னா உடம்புக்கும் தெரிஞ்சுபோயிடும். எனக்குப் பயமா இருக்குங்க. ரொம்பப் பயமா இருக்கு." குரலைச் சரி செய்துகொண்டு கேட்டான். "பட்டுன்னு போகாம, சாயங்காலம் மாதிரி கொண்டாந்து விட முடியுமா? பொழுது போனாத் துணி சும்மா துணிதானே. சமாளிச்சிடுவேன்."

கணவன் தின்று தீர்த்த ஆரஞ்சு மிட்டாய்களின் கண்ணாடித் தாள்களை அவள் சேர்த்து வைத்திருந்தாள். இரண்டு கிலோவில் அவற்றுக்கு எடையே இல்லை. ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்தாள். இருவரும் சத்தமில்லாமல் உள்ளே போனார்கள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் துணிக்குப் பின்னால் கையை விட்டு, விளக்கின் முகத்தில் முதல் தாளை ஒட்டினாள். நீலம் போய் அறை வெளிறிய மஞ்சளானது. விளக்கின் பக்கவாட்டில் ஒரே ஒரு புள்ளி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. காத்திருந்தாள். இன்னொரு தாள், ஒரு படி குறைத்தாள். கட்டில் காலில் நின்ற கம்பி நிழல் கரைந்தது. எத்தனையோ முறை விடியலைச் செய்திருக்கிறாள், சாயங்காலத்தைச் செய்வது இதுதான் முதல் தடவை. பின்னால் அவன் மூச்சு, ஒன்று விட்டு ஒன்று தடுக்கியது.

நான்காவது தாளை எடுத்தபோது விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

நினைத்ததற்குப் பத்து நிமிடம் முன்னால். அறை முழுக்க வெட்டி அடங்கியது வெளிச்சம். கட்டிலில் அக்காக்காரி அசைந்தாள். கண் திறக்கவில்லை.

"மின்னலாடா?"

படக்காரி கல்லாக நின்றாள். நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"ஆமாக்கா. மின்னல்தான். நீ தூங்கு."

இரண்டாவது சிமிட்டல். மூன்றாவது. அணைந்தது. கதவிடுக்கில் நடைவழி விளக்கின் கோடு மட்டும் தரையில் கிடந்தது. அவன் எழுந்துவிட்டான். துணியைத் தாண்டி, கை நேராகச் சுவரில் போய் ஊன்றியது. அதே வலது கை. அந்த மூச்சை அவள் அவ்வளவு பக்கத்தில் கேட்டாள், இழுக்கிறானே தவிர விடவில்லை. முஷ்டி மடங்கியது. மடங்காத மூன்று விரல்களோடு பாதிதான் மடங்கியது. அடிக்கப் போகிறான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இடியவே காணோமே" என்றாள் அக்காக்காரி தூக்கத்திலிருந்து.

படக்காரி கண்ணைத் திறந்தாள். அவன் நெற்றியைச் சுவரில் சாய்த்திருந்தான். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. பிறகு அந்தக் கை மெதுவாக எழுந்து, பலகைத் தடுப்புப் பக்கம் நகர்ந்து, யாரையோ தட்டித் தூங்க வைப்பது போல அதன் மேல் தொம் தொம்மென்று விழுந்தது. மிக மெல்ல. எங்கேயோ தூரத்தில் இடி உருள்வது போல.

கட்டிலிலிருந்து மூச்சு சீராக வர ஆரம்பித்தது. அவன் நிறுத்தவில்லை. படக்காரி இருட்டில் துழாவி, சூடு இன்னும் போகாத விளக்கை ஆணியிலிருந்து எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டாள். மற்றொரு கையை அவன் கைக்குப் பக்கத்தில் பலகையின் மேல் வைத்தாள். அவன் கை ஓயும்போதெல்லாம் அவள் தட்டினாள்.