தலைக்கு அண்டக் கொடுத்த கட்டை

பாடையில் கிடத்தியதும் ஏகாம்பரத்தின் தலை வலப்பக்கமாகச் சரிந்தது. நிமிர்த்தினார்கள். மறுபடியும் சரிந்தது.

"தல நிக்க மாட்டேங்குதுபா. இன்னாத்தயாவது அண்டக் குடுக்கணும்" என்ற மாமா பூபாலன், தானே உள்ளே போய்க் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு வளைந்த கட்டையை எடுத்துவந்து, துண்டு சுற்றித் தலைக்குக் கீழே செருகினார். அது என்ன கட்டை என்று அவருக்குத் தெரியாது. ஏகாம்பரத்தின் மகள் சுலோசனாவுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் தெருமுனையில் கார் வந்து நின்றது.

கார்த்திகேசன். குமணன்சாவடியில் பியானோ பட்டறை வைத்திருப்பவர். அப்பா அங்கே இருபத்தாறு வருஷம் தச்சு வேலை பார்த்தார். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அயனம்பாக்கத்தில் இந்த வாசலை மிதிக்காத மனுஷர், இன்று மலர்வளையத்தோடு இறங்கினார். அதில் அப்பா பெயரைவிடக் கம்பெனி பெயர் பெரிதாக இருந்தது.

கிராண்ட் பியானோவின் கம்பிகள் எல்லாம் ஒரு நீளக் கட்டையின் மேல் ஏறிப்போகும். ப்ரிட்ஜ் என்பார்கள். கம்பியின் அதிர்வை வாங்கி அடியிலிருக்கும் பலகைக்குக் கொடுப்பது அதுதான். கம்பி நகராமலிருக்க, பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும்படி அதில் ஆணிகள் அடித்திருக்கும். சென்னை ஈரத்துக்கும் ஏசி அறைக்கும் மாறி மாறிக் கட்டை உப்பிச் சுருங்கி, ஆணியோரம் வெடித்துவிடும். ஏகாம்பரம் ஆணிகளையே தூக்கிப்போட்டார். கம்பிக்கொரு பித்தளைக் குமிழ் பதித்து, அதன் துளை வழியாகக் கம்பியை நேராக ஓடவிட்டார். நாலு வருஷ உழைப்பு. வரைபடம் ஏதும் கிடையாது. மாதிரிக் கட்டையில் வலது காதை ஒட்டவைத்து, கம்பியைச் சுண்டிச் சுண்டியே ஒவ்வொரு குமிழுக்கும் இடம் பார்த்தார்.

முதல் பியானோ சிங்கப்பூருக்குப் போனது. 'என் கண்டுபிடிப்பு' என்று பேப்பரில் கார்த்திகேசன் சிரித்துக்கொண்டு நின்றார். அப்பாவின் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. அந்தப் பேப்பரை அப்பா மடித்து பீரோவில் வைத்ததுதான் சுலோசனாவுக்கு இன்றுவரை ஆறவில்லை. தன் உழைப்பைத் திருடியவன் படத்தை எவனாவது பத்திரப்படுத்துவானா?

வளையத்தை வைத்துவிட்டு அவர் அவளருகே வந்தார். "இந்த நேரத்துல கேக்கக்கூடாதும்மா. அப்பாகிட்ட மாதிரிக் கட்டை ஒண்ணு இருக்கும். ரெண்டு ஆர்டர் நிக்குது. அது இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது."

சுலோசனா நகர்ந்து அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டாள்.

"குடுத்துடு சுலோ" என்றாள் அம்மா கெங்கம்மாள், அழுகைக்கு நடுவே. "பெரிய மன்சன், ஊடு தேடி வந்துகிறாரு."

துண்டு விலகிய இடத்தில் பித்தளை மின்னியது. கார்த்திகேசன் பார்த்துவிட்டார். "அதேதான்! யாரையாவது எடுக்கச் சொல்லும்மா."

"தெரியாம வச்சிட்டேன் சார், தோ எடுத்துர்றேன்" என்று பதறிக் குனிந்த மாமாவின் கையைச் சுலோசனா பிடித்துக்கொண்டாள்.

"நீ உடு மாமா." குரல் தெருவுக்கே கேட்டது. "நீங்க கண்டுபுடிச்சதுதான சார்? பேப்பர்ல போட்டுகினீங்களே? அப்ப நீங்களே எடுங்க. ஒரு கையால எங்கப்பா தலயத் தூக்கிப் புடிச்சிகினு, இன்னொரு கையால உருவிக்கங்க."

மேளம் நின்றுவிட்டது. கார்த்திகேசன் குனிந்தார். நீட்டிய கை, ஏகாம்பரத்தின் நெற்றிக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் நிமிர்ந்து, எதையும் தொடாத அந்தக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நேரமாவுது, தூக்குங்கபா" என்றார் பூபாலன்.

நாலு பேர் தூக்கினார்கள். பாடை ஒரு குலுங்கு குலுங்கியதில் தலை மறுபடியும் வலப்பக்கமாகச் சரிந்து, வலது காது கட்டையின் மேல் படிந்தது.

நிமிர்த்த வந்த மாமாவைச் சுலோசனா வேண்டாமென்று தடுத்தாள்.