இராயப்புவின் வாறன்ரி அட்டை

...அப்படிப் பார்த்தால் அது முழுப்பொய்யும் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வின்சன்ற் இராயப்புவின் படகு எஞ்சினில் புது இக்னிஷன் கொயிலைப் பூட்டினான், “இந்தச் சாமானுக்கு வாறன்ரி இல்லை அண்ணை” என்று காலையில் சொன்னது வாய் தவறி வந்ததா, எங்கே, எஞ்சின் கரைக்கு வந்த மூன்று நாளாக வாய்க்குள் வைத்து உருட்டியதுதானே... வாறன்ரி இருக்கிறது, பழுதானால் கொம்பனியே காசு தரும் உத்தரவாதம், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, ஆனால் திருத்துகிறவன் கைக்காசு போட்டுச் சாமான் வாங்க வேண்டும், பழையதைக் கழற்றிப் படமெடுத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், பிறகு கொம்பனிக்காரன் மனமிரங்கும்வரை அந்தோனியாரே என்று காத்திருக்க வேண்டும். மாசியில் அனுப்பிய மூன்று எஞ்சின்களின் கணக்கு, இப்போது ஆனி, ஒரு சதம் வரவில்லை. போன் எடுத்தால் கொம்பனியில் இருக்கிற பிள்ளை தேன் ஒழுக, “வந்த உடனை போடுறம் அண்ணை” என்கிறாள், எங்கேயிருந்து வர, வானத்திலிருந்தா? யாழ்ப்பாணத்துச் சாமான் கடைக்காரன் இந்தக் கொயிலைத் தரும்போதே சொல்லிவிட்டான், மாலைக்குள் பழைய கடனில் பாதியாவது வராவிட்டால் இனி ஒரு ஆணிகூடக் கிடையாது என்று. சாமான் இல்லாமல் கடையைத் திறந்து என்ன செய்ய, பிறகு ஊர்காவற்றுறையில் எஞ்சின் நின்றுபோனால் யார் பார்ப்பது, இராயப்புவும்தானே கரையில் கிடப்பார்... அப்படியென்றால் அவருக்கும் நல்லதுதான் செய்தேனா? சீ, என்ன மனுசன் நான்.

இராயப்பு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வாறன்ரி அட்டையை நீட்டி, இங்கிலீசில் இருப்பதை வாசித்துச் சொல் என்றிருக்கலாம். “ஓம், நீ சொன்னால் சரி, மனுசின்ரை சீட்டுக்காசு கிடக்கு” என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனவர், இதோ வருகிறார், ஒரு கையில் காசு, அவர் மனுசி மேரிறோஸின் சீட்டுக்காசு, மற்றக் கையில் பை, பைக்குள் நாலு ஒராமீன். எஞ்சின் திருத்தியவனுக்கு மீன் கொடுப்பது இங்கே வழக்கம்தான், ஆனால் இவர் கடலுக்குப் போய் மூன்று நாளாகிறதே... “பக்கத்துப் படகு டிலோனிட்டைக் கைமாத்தா வாங்கினனான்,” என்றார் இராயப்பு, “வெறுங்கையோட எப்பிடி வாறது? இந்த அட்டையையும் நீயே வைச்சிரு தம்பி. வீட்டை கிடந்து என்ன செய்யப்போகுது.”

முதல் இழுவையிலேயே எஞ்சின் பிடித்தது. வின்சன்ற் காசை எண்ணாமல் சட்டைப்பைக்குள் வைத்தான், திருப்பிக் கொடுத்துவிடலாம், கட்டாயம் கொடுத்துவிடலாம், கொம்பனிக் காசு வரட்டும், வந்த உடனை... கை அப்படியே நின்றது. இது அந்தக் கொம்பனிப் பிள்ளையின் பேச்சல்லவா? எப்போது எனக்கு ஒட்டியது? “அண்ணை,” என்று கூப்பிட்டும்விட்டான்.

“என்ன தம்பி?” என்று இராயப்பு திரும்பினார்.

“மீன்... நல்ல மீன்,” என்றான் வின்சன்ற்.