மங்களாம்பிகைக்குப் போட்ட இலை

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அறுபது பேரும் பசியில் இருந்தார்கள். வேங்கிக்கால் வீட்டு மொட்டைமாடியில் மங்களாம்பிகைக்குப் போட்ட தலைவாழை இலை பன்னிரண்டு மணியிலிருந்து காத்துக்கிடந்தது. காக்கா வந்து வாய் வைத்தால்தான் கீழே பந்தி. காக்காவோ வந்த பாடில்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏழெட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

"கா... கா..." என்று கத்திக் கத்தி மகன் நடராஜுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆபீசில் அவன் ஒரு குரல் கொடுத்தால் மூன்று மேசை தள்ளித் தூங்குகிற ஃபைல்கூட எழுந்து வரும். இங்கே எடுபடவில்லை.

"அக்காவுக்கு ஏதோ மனக்கொறை," என்றார் தாய்மாமன் கண்ணாயிரம். "அதுக்குப் புடிச்சது எதையோ வெக்காம வுட்டுட்டீங்க. சீக்கிரம் பாருங்கப்பா, நான் சுகர் மாத்திரை போட்டுட்டேன்."

மனக்குறை என்றதும் நடராஜுக்கு அம்மாவின் போன் ஞாபகம் வந்தது. தினமும் மதியம் அம்மா அவனுக்கு போன் பண்ணுவாள். "சாப்ட்டியாப்பா?" அவ்வளவுதான் கேள்வி. பதினெட்டு வருஷமாக அதே கேள்வி. போன மாதம் ஒரு நாள், "ஆபீஸ்ல மானம் போவுது, இனிமே இதுக்கெல்லாம் போன் பண்ணாதம்மா," என்று கத்திவிட்டான். அதற்கப்புறம் அவள் பண்ணவில்லை. பத்தே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"அம்மாவுக்கு மெதுவடைன்னா உயிரு," என்றாள் தங்கை பத்மஜா.

"அது உனக்கு. அம்மாவுக்கு அதிரசம்."

"அது உனக்குத்தாண்ணா உயிரு!"

கண்ணாயிரம் பால் பாயசம் என்றார். எந்த வீட்டில் பாயசம் வைத்தாலும் அவர் தம்ளர்தான் முதலில் நீளும் என்பது ஊரறிந்த சங்கதி. வடை, அதிரசம், பாயசம் மூன்றும் ஏற்கெனவே இலையில் இருந்தன. அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனால்கூடப் புளிச்சோற்றை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல" என்று பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை நடராஜ் எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

மாடிப்படி மறைவில் மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. நடராஜின் மகள் தீக்ஷா, இரண்டு கையிலும் வடை.

"ஐயையோ! காக்காவுக்கு முன்னாடியே வாய வெச்சிட்டியா!" பத்மஜா பாய்ந்தாள்.

"நாம சாப்டாம ஆயா சாப்டவே சாப்டாதுல்ல?" என்றாள் தீக்ஷா, வாய் நிறைய. "இன்னைக்கு மட்டும் எப்டி மொதல்ல சாப்டும்?"

"பாப்பா சொல்றதுதான் நாயம், வாங்க கீழ போலாம்," என்றார் கண்ணாயிரம். நியாயம் பேசியதா, மாத்திரை பேசியதா என்று யாரும் ஆராயவில்லை.

பந்தி நடந்தது. முறை தெரிந்த பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டாம் தடவை சாம்பார் வாங்கிக்கொண்டார்கள். நடராஜுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மோர்வரைக்கும் சாப்பிட்டான்.

பிறகு அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த சோற்றை வழித்து, மிஞ்சிய ரசத்தை ஊற்றிப் பிசைந்து, மாடிக்குக் கொண்டுபோய் வைத்தான். அவன் நிமிர்வதற்குள் ஒரு காக்கா வந்து இறங்கியது. கழுத்தைச் சாய்த்து அவனையே பார்த்தது.

"சாப்ட்டேம்மா," என்றான். "வயிறு நெறைய சாப்ட்டேன்."

காக்கா சோற்றில் வாய் வைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக் கரைந்து மற்ற ஏழெட்டையும் கூப்பிட்டது. அவை வந்து மொய்த்துத் தின்ன, தான் கைப்பிடிச் சுவரில் ஒதுங்கி நின்றது.

நடராஜுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அங்க போயுமாம்மா?" என்று கத்தினான். "நீ மொதல்ல சாப்டும்மா!"

நாற்பத்தெட்டு வயசில் அவளிடம் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.