அரைச் சொம்புப் பால்

‘ணங்’ என்று பால்கேனின் மூடி கல்தரையில் விழுந்து உருண்டது. தட்டிவிட்டவள் நீரஜா. கேனுக்குள் எட்டிப் பார்த்தாள். பாதிகூட இல்லை.

மயிலாப்பூரின் அந்தச் சந்தில் எட்டு வீடுகள். எட்டுக்கும் வேளச்சேரியிலிருந்து சைக்கிளில் எருமைப்பால் கொண்டுவருபவன் அசோகன். மூன்று மாதமாக லிட்டர் கேட்டால் அரை லிட்டர்தான் ஊற்றினான். மாடு கறக்கவில்லை என்றான். நீரஜா நம்பவில்லை. மந்தைவெளி டீக்கடை வாசலில் அவன் சைக்கிள் கேனோடு நின்றதை அவளே பார்த்திருந்தாள். அவள் பாக்கெட் பாலுக்கு மாறினால் மற்ற ஏழு வீடுகளும் மாறிவிடும். அது அவனுக்கும் தெரியும்.

“மீதிப் பாலை டீக்கடைல வித்துட்டு வரியா? நாளைக்கு உன் கொட்டாய்க்கே வரேன். என் எதிர்ல கற” என்றாள்.

“வாம்மா. டீக்கடைல டீ குட்ச்சதுக்கு இம்மாம் பெரிய கேசா?”

மறுநாள் விடியலில், கணவர் பரத்வாஜை எழுப்பி ஸ்கூட்டரை எடுக்கச் செய்தாள். அரசு அலுவலகத்தில் நிலக் கோப்புகள் பார்ப்பவர் அவர். வழியெல்லாம் கொட்டாவி விட்டார்.

கொட்டாயில் அசோகன் சொம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கறக்க உட்கார்ந்தான். நீரஜா அவன் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அரைச் சொம்போடு முதல் எருமையின் மடி வற்றியது. அடுத்த எருமையும் அப்படியே. அங்கிருந்த நான்கு எருமைகளுக்கும் விலா எலும்பு தெரிந்தது. எதிரே காய்ந்த வைக்கோல் மட்டும்.

பச்சைப்புல் போடக்கூடாதா என்று கேட்டாள். அவன் தெற்கே கைகாட்டினான். இருபது வருஷமாக மாடுகள் மேய்ந்த சதுப்பு அது. இடுப்பளவு கோரை வளரும். மழையில் ஊர்த் தண்ணீரெல்லாம் அங்கேதான் போய் நிற்கும். இப்போது மூன்று மாதமாகக் கம்பிவேலிக்கு உள்ளே லாரிகள் நகரத்துக் குப்பையைக் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தன.

“யாரு இப்படிச் செய்யச் சொன்னா?”

“தெரியலம்மா. ஒர்த்தரும் வந்து பாக்கல. எவரோ எயுதிக் குட்த்துட்டாராம்.”

இன்னமும் சந்தேகம் தீராமல் நீரஜா திரும்பினாள். பரத்வாஜ் வேலியருகே நின்று, அதில் மாட்டியிருந்த பலகையின் சர்வே எண்ணை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தார். விரலில் சுழன்றுகொண்டிருந்த ஸ்கூட்டர் சாவி நின்றிருந்தது.

“அவனை விட்டுடு, நீரஜா. இந்த நம்பருக்கு ‘எதற்கும் பயன்படாத நிலம்’னு ஆபீஸ்ல உக்காந்துண்டே எழுதினவன் நான்தான்.”